இரண்டு மார்க் வாக்கியம்

எங்கள் மருந்தியல் கல்லூரியில் ஒரு வாக்கியம் உண்டு. அதற்கு இரண்டு மார்க்.

"நீங்க சொல்றது இந்த ரூம விட்டு வெளிய போகாது."

நோயாளிக்கு மருந்தை விளக்கிச் சொல்லும் பயிற்சியில் இந்த வாக்கியம் இல்லாமல் வாயைத் திறந்தால் இரண்டு மார்க் போச்சு. கதவை மூடு, நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போடு, வாக்கியத்தைச் சொல்லு. முதல் வருடத்திலிருந்து இதே பாட்டு. பல் தேய்ப்பதுபோல் பழகிவிட்டது. கேண்டீனில் எவளாவது பெருமூச்சு விட்டால் போதும், இன்னொருத்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாக்கியத்தை ஒப்பிப்பாள். எல்லோரும் சிரிப்போம். சாயங்காலத்துக்குள் அந்தப் பெருமூச்சின் காரணம் ஹாஸ்டல் முழுக்கத் தெரிந்திருக்கும்.

தெரிய வைப்பவள் பெரும்பாலும் ரேடியோ. அவளுடைய வாய்க்கு நாங்கள் வைத்த பெயர் அது. அவளுக்கே அதில் கொஞ்சம் பெருமை. லேபில் என் மேஜைக்காரி, வருகைப் பதிவில் எனக்கு அடுத்த எண். படிக்கிறேன் என்று எங்கள் வீட்டுக்கு வந்தவள் என் அக்காவைப் பார்த்துவிட்டு, "எங்க அண்ணனுக்கு இவங்கதான்" என்று ஒற்றைக் காலில் நின்று கல்யாணத்தை முடித்தும் வைத்தாள். ஆக, என் அக்காவின் நாத்தனார் என் பக்கத்திலேயே உட்கார்ந்து மாத்திரை எடை போடுகிறாள்.

வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தவர் டோஸ் மேடம். மருந்தின் டோஸையும் பாடமாக எடுப்பார், தப்பு செய்தால் எங்களுக்கும் டோஸ் விடுவார். அவர் வகுப்பில் யாரும் தூங்கியதில்லை. பாடத்தைக் கதையாகச் சொல்லுவார். எல்லாம் உண்மையில் நடந்த கேஸ்கள். மூச்சிரைப்புக்குக் கருவியில் போட்டு மூச்சோடு உறிஞ்ச வேண்டிய கேப்ஸ்யூலைத் தண்ணீர் விட்டு விழுங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தாவின் கேஸ் எங்கள் பேட்ச் முழுக்கப் பிரபலம். "மருந்து ஜம்முனு வயித்துக்குப் போச்சு, மூச்சு மட்டும் வரல" என்று மேடம் சொன்னபோது வகுப்பே சிரித்து உருண்டது. ரேடியோ அந்தத் தாத்தா மாதிரி நடித்துக் காட்டுவாள், நான் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பேன்.

"மாத்திரை எண்ணிக் குடுக்க மிஷின் வந்தாச்சு. ஒரு மனுஷன் வாயத் திறந்து உண்மையச் சொல்ற அளவுக்கு நம்பிக்கைய வாங்கணும், அது மிஷினால முடியாது. அதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம்" என்பார் மேடம். இதை நான் என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். இப்போது அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

என் அக்காவுக்கு வலிப்பு உண்டு. பள்ளிக்கூட நாளில் வந்தது. மாத்திரை ஆரம்பித்தபின் வருடக்கணக்காக ஒன்றும் வரவில்லை. காலை ஒன்று, இரவு ஒன்று, அவ்வளவுதான். கல்யாணப் பேச்சு வந்தபோது அம்மா எங்கள் இருவரையும் அடுப்படிக்குக் கூப்பிட்டு, "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சொல்லியிருக்காங்க. நாம ஒரே ஒண்ணத்தான மறைக்கிறோம்" என்று கணக்குச் சொன்னாள். அக்காவுக்கு அதில் சம்மதமில்லை. ஆனால் அம்மா அழுவதைப் பார்க்கும் திராணியும் அவளுக்கு இல்லை.

புருஷன் வீட்டில் அக்காவுக்கு இருந்த பெரிய பயம் மாமியார் இல்லை, ரேடியோதான். மருந்து படிக்கிறவள். அட்டையில் பெயரைப் பார்த்தால் அடுத்த நொடி தெரிந்துவிடும். அதனால் அக்கா மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, சத்து மாத்திரை பாட்டிலில் போட்டு, அடுப்படி அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்துவிட்டாள். ஒளித்து வைத்தால்தானே தேடுவார்கள். காலையும் இரவும் பாட்டிலை எடுக்கும்போது கலகலவென்று சத்தம் வந்தால், ஒரு நாளைக்கு எத்தனை தடவை சத்து ஏற்றுகிறாள் என்று யாராவது கேட்பார்களே. அதற்காக உள்ளே பஞ்சை அடைத்து வைத்தாள். சத்தமே வராத பாட்டில். ஒரு முறை ரேடியோ, "அண்ணி, எனக்கும் ஒண்ணு குடுங்க, முடி கொட்டுது" என்று பாட்டிலை எடுக்க, அக்கா அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாளாம். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

சிரிக்காமல் சொன்னது வேறு. குழந்தை வேண்டும் என்று அத்தானுக்கு ஆசை. அக்காவுக்கு அதைவிட ஆசை. இந்த மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று எங்கோ கேள்விப்பட்டு, தானாகவே நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நீதான படிக்கிற. சொல்லுடி. நிறுத்தட்டுமா?"

நான் அறைக் கதவை மூடினேன், நாற்காலியை இழுத்துப் போட்டேன், பழக்க தோஷத்தில் வாக்கியத்தையும் சொன்னேன். அக்கா சிரித்துவிட்டாள். "இதுக்கு ரெண்டு மார்க்குன்னு சொல்லுவியே. இந்தா, வச்சுக்க."

எனக்குத் தெரிந்தது பாதி. அந்த மாத்திரை கருவுக்கு ஆபத்து என்பது தெரியும், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பி அக்காவுக்கே ஆபத்து என்பதும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வது என்று தெரியாது. அரை வைத்தியம் ஆளைக் கொல்லும். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேள் என்று கற்றுக்கொடுத்ததும் டோஸ் மேடம்தான். அவரிடமே போனேன்.

எங்கள் கல்லூரியில் ஒரு மாதிரி மருந்துக்கடை இருக்கிறது. அலமாரி நிறைய வெற்றுப் பெட்டிகள், எல்லாவற்றிலும் 'பயிற்சிக்கு மட்டும்' என்று முத்திரை. அதன் ஓரத்தில் தடுப்பு வைத்த சின்ன ஆலோசனை அறை. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, முகம் துடைக்கக் காகிதம். மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேதான் கூட்டிப்போனார். கதவை மூடினார். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "நீ சொல்றது இந்த ரூம விட்டு வெளிய போகாதும்மா" என்றார்.

ஆயிரம் தடவை கேட்ட வாக்கியம்தான். அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் எனக்குத் தெரிந்தது. மடை திறந்த மாதிரி கொட்டிவிட்டேன். தெரிந்த ஒருத்தர் என்று ஆரம்பித்தேன். "உங்க அக்காவா?" என்று மெதுவாகக் கேட்டார். தலையை ஆட்டினேன். மாத்திரையை எப்படி வைத்திருக்கிறாள் என்று கேட்டார். நல்ல மருந்தாளர் கேட்க வேண்டிய கேள்விதான். பாட்டிலைச் சொன்னேன், பஞ்சைச் சொன்னேன், நாத்தனாருக்குப் பயந்துதான் என்பதையும் சொன்னேன். மேடம் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட்டையிலிருந்து எடுக்கவே கூடாத மாத்திரைம்மா அது. ஈரத்த இழுக்கும். அதுல பஞ்சு வேறயா? பஞ்சு இன்னும் ஈரத்தப் புடிச்சு வைக்கும். மாத்திரை கரைஞ்சு வீணாப் போச்சுன்னா, சாப்பிட்டும் சாப்பிடாத மாதிரிதான்."

பிறகு வழியும் சொன்னார். தானாக நிறுத்தக் கூடாது. நரம்பு மருத்துவரிடம் போய், கருத்தரிப்பதற்கு முன்பே வேறு மருந்துக்கு மெல்ல மாற்றிக்கொள்ள வேண்டும். புருஷனுக்குத் தெரியாமல் இதெல்லாம் நடக்காது. "ஆனா அத அவளே சொல்லட்டும்" என்றார். எழுந்தபோது என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அம்மாகூட அப்படித் தட்டிக்கொடுத்தது கிடையாது.

நான் அக்காவிடம் மேடத்தின் பெயரை எடுக்கவில்லை. புத்தகத்தில் பார்த்தேன் என்று சொல்லி, யோசனையை மட்டும் சொன்னேன். அக்கா, "சரி, அவர்கிட்ட நானே சொல்றேன். உங்க பரீட்சை முடிஞ்சதும், நாங்க ரெண்டு நாள் வெளியூர் போறோம். அங்க வச்சுச் சொல்லிடுறேன். அதுவரைக்கும் பாட்டில் அப்படியே இருக்கட்டும், இப்ப மாத்தினா என் நாத்தனாருக்குச் சந்தேகம் வரும். ஆனா என் வாயால சொல்லணும்டி. வேற யார் வாயிலயாவது கேட்டார்னா, மனுஷன் நொறுங்கிப் போயிடுவார்" என்றாள்.

அவள் கேட்டது அந்த ஒன்றுதான். அவள் வாயால்.

செய்முறைத் தேர்வு எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டும். நீண்ட நடைபாதையில் வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு சோதனை. மணி அடித்தால் உள்ளே போக வேண்டும், மறுபடி அடித்தால் வெளியே வந்து அடுத்த அறை. ஒருத்தி வெளியே வர, அடுத்த எண்காரி அதே அறைக்குள் போவாள். எனக்கு அடுத்த எண் ரேடியோ. ஆலோசனை அறையில் நிஜ நோயாளி இருக்க மாட்டார். நாடகக் குழுவிலிருந்து நடிகர்களைக் கூப்பிட்டு, கேஸைக் கொடுத்து, மனப்பாடம் செய்ய வைத்து உட்கார்த்தியிருப்பார்கள். மூலையில் தேர்வாளர் மார்க் போடுவார். அன்றைக்கு அந்த மூலையில் டோஸ் மேடம்.

நான் கதவை மூடினேன். நாற்காலியை இழுத்தேன். வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நடிகை ஆரம்பித்துவிட்டாள். அக்கா வயது இருக்கும். புடவைத் தலைப்பின் முனையைச் சுருட்டிக்கொண்டே பேசினாள்.

"எனக்கு வலிப்பு இருக்குங்க. வீட்டுக்காரருக்குத் தெரியாது. குழந்தை வேணும்னு ஆசைப்படுறோம். மாத்திரைய நிறுத்திடலாமான்னு..."

முதலில் தற்செயல் என்றுதான் நினைத்தேன். வலிப்பு நோயாளி கேஸ் எங்கும் வரும்.

"மாத்திரைய எப்படி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். கேட்டது நான்தான், என் நாக்குதான். பயிற்சி அப்படி.

"சத்து மாத்திரை பாட்டில்ல போட்டு வச்சிருக்கேங்க. குலுங்கினா சத்தம் வரும்ல? அதுக்குப் பஞ்சு அடைச்சு வச்சிருக்கேன்" என்றாள் நடிகை. சொல்லிவிட்டு வெட்கத்தோடு சிரித்தாள். அக்கா சிரித்த அதே சிரிப்பு. நான்தான் மேடத்திடம் அந்தச் சிரிப்பையும் சேர்த்துச் சொல்லியிருந்தேன்.

மூலையைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்க்காமல் பேனாவைக் கையில் பிடித்தபடி தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சைக் கண்டுபிடித்துச் சொன்னால் அஞ்சு மார்க் போல. காத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கதவுக்கு வெளியே யார் நிற்கிறாள் என்பது எனக்கு உறைத்தது.

"அக்கா" என்று அந்த நடிகையையே கூப்பிட்டுவிட்டேன். "உங்கள கையெடுத்துக் கும்பிடுறேன். அடுத்து வர்றவகிட்ட இந்தப் பஞ்சு விஷயத்த மட்டும் சொல்லாதீங்க. பாட்டிலையும் சொல்லாதீங்க. அலமாரின்னு சொல்லுங்க, பெட்டின்னு சொல்லுங்க, என்ன வேணா சொல்லுங்க."

அந்தப் பெண் பாவம், குழம்பிப் போனாள். இதுவும் பரீட்சையில் ஒரு பகுதியோ என்று மேடத்தைப் பார்த்தாள். "எனக்கு இப்படித்தாங்க சொல்லச் சொல்லியிருக்காங்க" என்றாள்.

"மேடம்!" என்றேன்.

"தேர்வாளர்கிட்ட பேசக் கூடாது. நோயாளியப் பாரு" என்றார் மேடம். குரலில் கோபம்கூட இல்லை.

மணி அடித்தது. நான் எழுந்து வெளியே வந்தேன். ரேடியோ வாசலில் நின்று புருவத்தைத் தூக்கி, எப்படி, ஈசியா என்று கண்ணாலேயே கேட்டாள். கதவை அடைத்துக்கொண்டு நின்றிருக்கலாம், அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம், மயக்கம் போட்ட மாதிரி விழுந்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. கண்காணிப்பாளர் "நகரும்மா" என்றார். நகர்ந்தேன். கதவு மூடிக்கொண்டது. உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

தேர்வு முடிந்தவர்களை உட்கார வைக்கும் கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். "அந்தப் பஞ்சுக்காரி கேஸ் செம" என்றாள் ஒருத்தி. "நாத்தனாருக்குப் பயந்து பஞ்சு வைக்கிறாளாம், என்ன மூளை பாரு" என்றாள் இன்னொருத்தி. நாத்தனாரும் இருந்தாளா அந்தக் கேஸில்! கேப்ஸ்யூல் தாத்தாவுக்குப் பக்கத்தில் என் அக்காவுக்கும் ஒரு இடம் கிடைத்துவிட்டது.

ரேடியோ உள்ளே வந்தாள். ஒருவரிடமும் பேசவில்லை. என் பக்கம் வந்து, என்னை ஒரு முறை பார்த்து, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இத்தனை வருடத்தில் அவள் பேசாமல் போனது அன்றுதான்.

அன்று சாயங்காலம் அக்கா ஃபோன் செய்தாள். ஒரே கேள்வி.

"யாருகிட்ட சொன்ன?"

"அக்கா, நான்..."

"அவ வந்தா. செருப்பக்கூட கழட்டல. நேரா அடுப்படிக்குப் போனா, அலமாரியில இருந்து பாட்டில எடுத்தா, கூடத்துக்குக் கொண்டுவந்து எல்லாரும் பார்க்கக் குலுக்கினா. அவர் டீ குடிச்சிட்டு இருந்தார். சத்தம் வரல. 'சத்து மாத்திரை பாட்டில் ஏன் அண்ணி சத்தம் போடல?'னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா." அக்கா அழவில்லை, செய்தி வாசிப்பதுபோல் சொன்னாள். "ரெண்டு மார்க் வாங்கினியேடி என்கிட்ட."

மறுநாள் அத்தான் அக்காவை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். ஒரு பெட்டி. அம்மா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். அது சின்ன வயசில் வந்தது, இப்போது ஒன்றுமே இல்லை, மாத்திரைகூடச் சும்மா ஒரு தைரியத்துக்கு என்று அடுக்கினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அத்தான் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார்.

"அத்தை, எனக்கு வலிப்பு ஒரு பிரச்சினையே இல்ல" என்றார். "சொல்லியிருந்தா நானே கையப் புடிச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பேன். ஆனா பாருங்க, என் தங்கச்சி கிளாஸ்ல இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு. பரீட்சையே வச்சிருக்காங்க. என் பொண்டாட்டிக்கு என்ன வியாதி, மாத்திரைய எங்க வைக்கிறா, எதுக்குப் பயப்படுறா, எல்லாத்துக்கும் மார்க் போட்டிருக்காங்க. பாடம் எனக்கு மட்டும்தான் நடத்தல."

அக்கா ஏதோ சொல்ல வந்தாள். அவர் காத்திருந்தார். நிஜமாகவே காத்திருந்தார். அக்காவுக்கு வாய் வரவில்லை. வெளியூரில், அவள் நேரத்தில், அவள் வாயால் என்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளையெல்லாம் நாடகக்காரி ஒருத்தி பேசி முடித்துவிட்டாள். அத்தான் பெட்டியை உள்ளே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ரேடியோ லேபில் மேஜை மாற்றிக்கொண்டாள். தராசு அறையில் ஒரு முறை தனியாக மாட்டினாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல நீ?" என்றாள்.

"உன்கிட்டயா? நீ ரேடியோடி."

"நான் எத வேணா பரப்புவேன். இதப் பரப்பியிருப்பேனா?" என்று கிட்டே வந்தாள். "அண்ணி அந்த வீட்ல திடீர்னு கீழ விழுந்திருந்தா, பக்கத்துல இருந்திருக்கக் கூடியவ நான். வாயில எதையும் திணிக்காம, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கத் தெரிஞ்சவ அந்த வீட்ல நான் ஒருத்திதான். எனக்குப் பயந்து பஞ்சு வச்சீங்க. எனக்கு!"

எடைக்கல்லைத் தட்டில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தேன். அவள் போய்விட்டாள்.

டோஸ் மேடத்தின் அறைக்கு நான் அனுமதி கேட்காமல் போனேன். மேடம் டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்தார்.

"உட்காரும்மா. நீ அந்த ரூம்ல ஃபெயில். மறுதேர்வு எழுதணும். ஏன் அப்படிப் பண்ணின?"

"என்ன மேடம் கேள்வி இது? ஏன் பண்ணினேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"பேர் போட்டேனா? ஊர் போட்டேனா?"

"பஞ்சு போட்டீங்களே மேடம்."

மேடம் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "அந்தப் பஞ்சு இல்லன்னா கேஸே இல்ல" என்றார். இதை அவர் ஒரு ரசனையோடு சொன்னார், அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. "அட்டையிலிருந்து ஏன் எடுத்தா, பஞ்சு ஏன் வச்சா, அதனால மருந்துக்கு என்ன ஆகும், இத்தனையும் ஒரே கேள்வியில வருது. இந்த மாதிரி கேஸ் நானா உட்கார்ந்து யோசிச்சா வராது. வெளியிலிருந்து வந்த தேர்வாளரே பாராட்டினார்."

"அவ நாத்தனார் என் கிளாஸ்லயே படிக்கிறா மேடம். நீங்க கல்யாணத்துக்கே வந்தீங்க. ரேடியோ உங்க கையப் புடிச்சு, 'என் அண்ணி மேடம்'னு காட்டினா."

மேடத்தின் முகம் அப்போதுதான் மாறியது.

"மறந்துட்டேன்" என்றார்.

வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். என் அக்காவின் வாழ்க்கை மேடத்துக்கு ஞாபகம் இருந்தது. அது யாருடைய வாழ்க்கை என்பதுதான் மறந்துபோயிருந்தது.

"வேலியே பயிர மேஞ்சா நாங்க யார்கிட்ட மேடம் போறது?" என்றேன்.

"நீ மட்டும் என்ன பண்ணின?" மேடம் சுள்ளென்று திரும்பினார். "உங்க அக்கா உன்கிட்ட சொன்னா. நீ என்கிட்ட சொன்ன. நான் கேஸுக்குச் சொன்னேன். எல்லாரும் நல்லதுக்குத்தான் சொன்னோம்."

"நான் அவளக் காப்பாத்தச் சொன்னேன். நீங்க எங்களுக்கு மார்க் போடச் சொன்னீங்க."

மேடம் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். "கேப்ஸ்யூல் தாத்தாவ வச்சு வருஷா வருஷம் சிரிக்கிறீங்களே. அது எங்க அப்பா. நான் மருந்து சொல்லிக்குடுக்கிறவ, என் வீட்லயே அவர் விழுங்கிட்டு இருந்தது எனக்குத் தெரியல. மூச்சுத் திணறித்தான் போனார். அத ஒவ்வொரு பேட்ச்லயும் நானே சிரிக்கிற மாதிரி சொல்றேன். ஏன்? சிரிச்சது மறக்காது. அதுக்கப்புறம் நீங்க ஒருத்தர்கூட அந்தத் தப்ப விடமாட்டீங்க. படிப்புன்னா அப்படித்தாம்மா. யாரோ ஒருத்தர் மேல ஏறி நின்னுதான் கத்துக்கணும்."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவத்தையும் மீறிக்கொண்டு வந்தது கோபம்.

"உங்க அப்பா போய்ச் சேர்ந்துட்டார் மேடம்" என்றேன். "எங்க அக்கா இன்னும் வாழணும்."

அவர் திரும்பவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. மறுதேர்வு தேதி அறிவிப்புப் பலகையில் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மறுதேர்வன்று அதே அறை. நடிகர் வேறு, ஒரு நடுவயது ஆள், சர்க்கரை நோய். மூலையில் அதே மேடம். நான் கதவை மூடினேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். அந்த ஆள் நம்பிக்கையோடு என் முகத்தைப் பார்த்தார். நடிப்புதான், ஆனாலும் நம்பிக்கை நம்பிக்கை மாதிரியேதான் இருந்தது. சொல்ல மாட்டேன் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போது சபதம் போட்டிருந்தேன். சொல்லாவிட்டால் மறுபடி ஃபெயில், வருடம் போகும், அம்மாவுக்கு இரண்டு மகள்களும் வீட்டோடு.

"நீங்க சொல்றது இந்த ரூம விட்டு வெளிய போகாது" என்றேன்.

மூலையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா அவள் பழைய அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலோரம் மாத்திரை அட்டை, பெயர் தெரிகிற மாதிரி. இப்போது ஒளிக்க ஆளில்லை. அத்தான் அவ்வப்போது அம்மாவுக்கு ஃபோன் செய்து மாத்திரை சாப்பிட்டாளா என்று கேட்கிறார். அவளிடம் கொடுக்கட்டுமா என்று அம்மா கேட்டால், வேண்டாம் என்று வைத்துவிடுகிறார்.

அக்காவோடு எப்படியாவது பேசிவிட வேண்டும் என்றுதான் உள்ளே போனேன். போனதும் என் கை கதவை மூடியது. மேஜையடியில் இருந்த நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டது. பழக்கம். போட்ட பிறகுதான் அக்கா அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

"பாஸா?" என்றாள். நாள்கணக்கில் பேசாதவள் பேசிய முதல் வார்த்தை.

"பாஸ்."

"அதச் சொன்னியா?"

எது என்று நான் கேட்கவில்லை. "சொன்னேன்."

"ரெண்டு மார்க் போட்டாங்களா?"

"போட்டாங்க."

அக்கா எழுந்தாள். என்னைத் தாண்டிப் போய், நான் மூடிய கதவை அகலத் திறந்து, அத்தான் கொண்டுவந்து வைத்த பெட்டியை நகர்த்தி, கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்தாள். அடுப்படியில் அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் அறைக்குள் வந்தது.

"திறந்தே கிடக்கட்டும்" என்றாள். "நீ படி, போ."